கொத்தமங்கலத்து மூன்று குழாய்கள்: விற்கவா, விளக்கவா, விட்டுவிடவா?

தை மாதம் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காகச் செட்டிநாட்டுக் கொத்தமங்கலத்தில் என் மாமனார் வீட்டைத் திறந்தார்கள். படைப்பு என்றால் பங்காளிகள் அத்தனை பேரும் கூடுவார்கள். கூடினால் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் அறைகளும் திறக்கும். மேல்மாடி வடக்கு அறையில் பழைய கோரைப்பாய்களுக்கும் கால் உடைந்த தொட்டிலுக்கும் பின்னாலிருந்து ஒரு கிராமபோன் பெட்டி வெளியே வந்தது. கூடவே குழாய்கள் மூன்று. ஒன்று இதழ் இதழாக விரிந்த ஊமத்தம்பூ வடிவத் தகரக் குழாய், பச்சைச் சாயம் பாதி உரிந்தது. இன்னொன்று ஆள் தலை நுழையும் அளவுக்கு வாய் அகன்ற பித்தளைக் குழாய். மூன்றாவது, கைக்குள் அடங்கும் கறுப்புக் கூம்பு. அதற்கு வாய் மட்டும் பித்தளை.

இரவு பந்தி முடிந்து இலை எடுப்பதற்குள் வழக்கு தொடங்கிவிட்டது. மூத்த மைத்துனருக்கு விற்றுவிட வேண்டும். பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் காலையிலேயே கேட்டுப் பார்க்கலாம் என்றார். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகனுக்கு மூன்றையும் புதுச்சாயம் அடித்து, மெருகேற்றி, முகப்பில் வைக்க வேண்டும். மாமியார் ஒரே சொல்லில் முடித்தார்: "தொடாதீர்கள்." கடைசியில் மைத்துனர் என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்குத்தான் இந்த வீட்டில் பங்கு கிடையாது" என்றார். இருபது ஆண்டுகளாகப் பாட்டுப் பெட்டிகளைப் பிரித்து மாட்டுகிறவன் என்பதால் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். பரவாயில்லை, தகுதி தகுதிதான்.

விற்பது, புதுப்பிப்பது, பழுது மட்டும் பார்ப்பது, மாற்றுக் குழாய் வைத்து ஓட்டுவது என்று வழி நான்கு. ஆனால் எது என்று தெரியாத பொருளுக்கு எந்த வழியையும் சொல்ல முடியாது. எனவே மறுநாள் காலை மூன்றையும் பட்டாலைத் திண்ணையில் வெயில் படாத இடமாகப் பார்த்து வரிசையாக வைத்தேன்.

கடைக்காரர்கள் ஹாரன் என்பார்கள், வீட்டில் குழாய் என்பார்கள், சிலர் புனல் என்பார்கள். வேலை என்னவோ நாதஸ்வரத்தின் அணசு, அதாவது அடியில் விரிந்திருக்கும் வாய், செய்கிற வேலைதான். ஊசி இசைத்தட்டின் வரியில் ஆடுகிறது. அந்த ஆட்டம் ஊசியைப் பிடித்திருக்கும் சவுண்ட் பாக்ஸில் இருக்கும் மைக்காச் சவ்வை அசைக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு அகலமே உள்ள அந்தச் சவ்வால் கூடத்துக் காற்றைத் தள்ள முடியாது. குழாய் தானாகச் சத்தத்தை உண்டாக்குவதில்லை. சிறிய சவ்வின் அசைவைப் படிப்படியாக அகலும் கழுத்து வழியாகப் பெரிய வாயின் காற்றோடு சேர்த்துவிடுகிறது, அவ்வளவே. அதனால்தான் கழுத்தில் ஓர் ஒடுக்கு விழுந்தாலும், இதழ்களின் இணைப்பு விட்டாலும், பாட்டில் உடனே தெரிகிறது. வாய் விளிம்பு நசுங்கினால் கண்ணுக்குத்தான் உறுத்தும்.

கறுப்புக் கூம்பை முதலில் எடுத்தேன், ஏனென்றால் அது சுலபம். குழாயைப் பெட்டியோடு சேர்க்கும் வளைவான முழங்கை கிடையாது, நேராக இருந்தது. அளந்தால் 14 அங்குலம். உடல் தகரம், அதில் கறுப்பு அரக்குச் சாயம். காந்தம் உடலில் ஒட்டியது, வாயில் ஒட்டவில்லை. இது கிராமபோன் குழாயே அல்ல. எடிசனின் ஃபோனோகிராபுக்கு, அதாவது தட்டுக்குப் பதில் மெழுகு உருளை சுழலும் இயந்திரத்துக்கு, உரியது. எடிசன் 1877-இல் கண்டுபிடித்தது உருளை இயந்திரம். தட்டு சுழலும் கிராமபோன் அதற்குப் பத்து ஆண்டு கழித்து எமில் பெர்லினர் கொண்டுவந்தது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது நம் ஊர் வழக்கம், அதில் குற்றமில்லை. ஆனால் குழாய் வாங்கும்போது குற்றம். எடிசன் இயந்திரங்களோடு 1907 வாக்கில் பெரிய இதழ்க் குழாய்கள் வரும்வரை இந்தக் குட்டிக் கறுப்புக் கூம்புதான் வந்தது. இயந்திரம் போய்விட்டது, கூம்பு மட்டும் தங்கிவிட்டது. எந்தப் பங்காளி வீட்டிலாவது உருளைப் பெட்டி கிடக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது பச்சை இதழ்க் குழாய். இதற்கு ஒரு காலைப் பொழுது முழுவதும் போயிற்று. கழுத்துக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. இந்த ஊர்ச் செம்மண்ணைக் குளவி குழைத்து வைத்தால் அது சிமெண்டுக்குத் தம்பி. கம்பியை விட்டுக் குத்தக் கை பரபரக்கும். குத்தினால் உள்சாயம் கூட்டோடு சேர்ந்து வரும். ஈரத்துணியைத் திரி போலச் சுருட்டிக் கழுத்துக்குள் விட்டு, மண் தானாக இளகும்வரை காத்திருந்து, மூங்கில் குச்சியால் தளர்ந்த துண்டுகளை மட்டும் எடுத்தேன். பிறகு காதுப் பஞ்சுக் குச்சி. அதில் தொட்டது என் எச்சில்தான். முகம் சுளிக்க வேண்டாம். ஓவியங்களைப் பாதுகாக்கும் கலைக்கூடங்களில் இன்றும் எச்சிலால் அழுக்கு எடுக்கிறார்கள். அதில் உள்ள நொதி தூசியைப் பிடிக்கும், சாயத்தை விட்டுவிடும். ஓர் இதழில் மூன்று விரல் அகலத்துக்குத் துடைத்ததும், புகையேறிய பழுப்புக்கு அடியில் வெளிர் சிவப்பாக ஒரு பூவின் விளிம்பு தெரிந்தது. உள்பக்கம் பூ வரைந்த குழாய் அது என்று வீட்டில் யாருக்குமே தெரிந்திருக்கவில்லை.

பழையது என்பதற்குப் பூ மட்டும் சாட்சி அல்ல. இதழ்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் தகரத்தை மடித்துக் கவ்வவிட்டிருந்தார்கள்; வெளிப்பக்கம் அது நரம்பு போலப் புடைத்திருந்தது. வாய் விளிம்பைச் சுருட்டி, சுருளுக்குள் கம்பி வைத்திருந்தார்கள். துருப்பிடித்த ஓர் இடத்தில் அந்தக் கம்பி எட்டிப் பார்த்தது. எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை தந்தது முழங்கை நுழையும் இடம். அங்கே சாயம் ஒரு வளையமாகத் தேய்ந்து வெறும் தகரம் மின்னியது. பெட்டியின் பின்புறத் தாங்கியில் குழாயை மாட்டிப் பார்த்தேன். தாங்கியின் விளிம்பு அந்த வளையத்தின் மேல் அச்சாக உட்கார்ந்தது. இந்தக் குழாய் இந்தப் பெட்டியோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்திருக்கிறது.

இனி பித்தளை. வீட்டின் செல்லப்பிள்ளை இதுதான். இந்த வீட்டுப் பெரியவரான ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது என்று மாமியார் முதல் பேரன்வரை சொல்வார்கள். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது கால்நடையாகக் காடு கடந்து வந்தவர் ஐயா. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர் இரண்டடி அகலப் பித்தளைக் குழாயையும் தோளில் பிடித்துக்கொண்டு வந்தாரா என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை, திருப்பிப் பார்த்தேன்.

காந்தம் ஒட்டவில்லை. அது பித்தளை என்பதற்குத்தான் சாட்சி, பழையது என்பதற்கு அல்ல. இந்தச் சோதனையை மட்டும் நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். முழங்கை வார்ப்பின் உள்ளே அரம் போட்ட கோடுகள் கரடுமுரடாக நின்றன. கண்ணில் படாத இடத்தை மெனக்கெட்டு முடிக்கும் பழக்கம் பழைய ஆலைகளுக்கு இருந்தது. தேய்மானம் எங்கும் ஒரே அளவு. கை படும் கழுத்தில் கூடுதலாகவும் கை படாத முதுகில் குறைவாகவும் இல்லை. கழுத்தில், குழாய் முன் உட்கார்ந்து கேட்கும் எச்.எம்.வி. நாய்ப்படம் போட்ட ஒரு தகடு. முழங்கையைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகளின் தலையிலும் கூட்டல் குறி வெட்டு. அந்த வெட்டு 1930-களில்தான் உலகத்திலேயே புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் திருகாணி என்றால் ஒற்றைக் கோடுதான். ஒரு திருகாணியை யாராவது பிறகு மாற்றியிருக்கலாம். நான்கையும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

நாய்த் தகடு பற்றி ஒரு வார்த்தை. குழாயின் மேல் நாய் இருந்தால் அசல் என்று பலர் நம்புகிறார்கள். என் அனுபவத்தில் அது முதல் சந்தேகத்துக்குரிய இடம். ஆங்கில ஓவியர் ஃபிரான்சிஸ் பாரோ வரைந்த அந்தப் படத்தில் முதலில் இருந்தது எடிசன் பாணி உருளை இயந்திரமும் கறுப்புக் குழாயும். படம் மங்கலாக இருக்கிறதே, பித்தளைக் குழாய் ஒன்று இரவல் கிடைத்தால் பார்த்து வரையலாமே என்று அவர் லண்டன் கிராமபோன் கம்பெனிக்குப் போனார்; எங்கள் இயந்திரத்தையே வரைந்து கொடுங்கள், படத்தை வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். 1899-இல் பழையதன் மேலேயே புதியதை வரைந்தார். அந்தப் படத்தை உற்றுப் பாருங்கள்: குழாய்க்கு முழங்கையும் இல்லை, பின்புறத் தாங்கியும் இல்லை, சவுண்ட் பாக்ஸ் குழாயின் நுனியிலேயே இருக்கிறது. லண்டன் கம்பெனியின் தட்டுகளில் நாய் ஏறியது 1909-இல். அதுவரை இறகால் எழுதும் தேவதைதான். பெரிய வாயும் முழங்கையும் நாய்த் தகடும் உள்ள பித்தளைக் குழாயைக் காட்டி '1890 மாடல்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். இந்தியாவில் வணிக ஒலிப்பதிவே 1902-இல் கல்கத்தாவில்தான் தொடங்கியது.

பித்தளைக் குழாய் அண்மைக்கால நகல் என்று சொன்னதும் முகப்பில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மாமியாரே நினைவுபடுத்திக்கொண்டு, இளைய மகள் கல்யாணத்தில் முகப்பு அலங்காரத்துக்கு ஏதோ வாங்கினார்கள் என்றார். சித்தப்பா மகனுக்கு வருத்தம். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. காரணம் பிறகு வருகிறது.

இப்போது வழிகளைப் பார்க்கலாம். விற்பதில் எனக்கு வெறுப்பு ஒன்றுமில்லை. பங்கு பதினாறாகப் பிரிந்த வீட்டில் ஒரு பெட்டியைப் பாதுகாக்க யாருக்கும் பொழுது இல்லை என்றால், அதை விரும்பும் ஒருவரிடம் போவது கரையான் தின்பதைவிட மேல். ஆனால் காரைக்குடிக் கடைகளில் கேட்டுப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது: பளபளக்கும் நகல் பித்தளைக்குக் கிடைக்கும் மதிப்பு, உரிந்த பச்சைக் குழாய்க்குக் கிடைக்கவில்லை. அலங்காரத்துக்கு வாங்குகிறவர் கண்ணுக்கு விலை கொடுப்பார். சேகரிப்பாளர் கணக்கு நேர்மாறு. அவருக்கு அசல் சாயம், அசல் பூ, பெட்டியோடு பொருந்தும் கழுத்துத்தான் விலை. எனவே விற்பதாக இருந்தால் பெட்டியையும் பச்சைக் குழாயையும் பிரிக்காமல், துடைத்ததற்கு மேல் எதுவும் செய்யாமல், தெரிந்த சேகரிப்பாளருக்கு விற்க வேண்டும். அவசரத்தில் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போவது இருப்பதில் மட்டமான வழி.

புதுப்பிப்பது என்று சித்தப்பா மகன் சொன்னது பவுடர் கோட்டிங். இரும்பு கேட்டுக்கும் சன்னல் கம்பிக்கும் அருமையான முறை. அதில் பொடியைத் தூவி அடுப்பில் 180 முதல் 200 டிகிரி வரை சூடாக்குவார்கள். குழாயின் கழுத்திலும் முழங்கையிலும் உள்ள ஈயப் பற்றாசு 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சாயம் நன்றாகப் பிடித்திருக்கும், குழாய் துண்டு துண்டாக அடுப்பில் கிடக்கும். அதற்கு முன் பழைய சாயத்தைச் சுரண்ட வேண்டும். அந்தக் காலச் சாயத்தில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுத் திண்ணையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் குழந்தைகள் மூச்சில் போகும். அப்படியே எல்லாம் சரியாக முடிந்தாலும் பூ போய்விடும். அதைத் திரும்ப வரைய ஆள் கிடைக்கலாம். வரைந்தது அந்த ஆளின் பூவாக இருக்கும். துருவே தின்று முடித்த, சாயம் எங்கும் மிஞ்சாத குழாய்க்கு மட்டும் முழுப் புதுப்பிப்பை ஒப்புக்கொள்வேன்.

பித்தளையை விளக்குவது பற்றி எனக்கே ஒரு தழும்பு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கிடைத்த ஒரு பழைய பித்தளை வாயைக் குத்துவிளக்கு விளக்குவது போலப் புளி பூசி, சோம்பலில் இரவு அப்படியே விட்டுவிட்டேன். காலையில் அது பித்தளை நிறத்தில் இல்லை. செம்புச் சொம்பு போலச் சிவந்திருந்தது. புளியின் அமிலம் மேற்பரப்பிலிருந்த துத்தநாகத்தைத் தின்றுவிட்டுச் செம்பை மட்டும் விட்டுவைத்திருந்தது. விளக்கு கனமானது, அடுத்த வெள்ளிக்கிழமை தேய்த்தால் சரியாகும். குழாய்த் தகடு மெல்லியது. தேய்க்கத் தேய்க்கக் கரையும். செங்கல் பொடி கீறும். விபூதி பரவாயில்லை, அதுவும் பூச்சு இல்லாத பித்தளைக்குத்தான்.

கடையில் விற்கும் மெருகு திரவங்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது. பழைய குழாய்களைக் கடைசல் பட்டறையில் சுழற்றி அழுத்தி வடித்தார்கள். அந்த அழுத்தம் உலோகத்துக்குள்ளேயே தங்கியிருக்கும். அப்படிப்பட்ட பித்தளையில் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால் தானாக விரிசல் விடும். இதைக் கண்டுபிடிக்க வைத்ததே நம் நாட்டு மழைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் மழைக்காலத்தில் காரணமில்லாமல் விரிசல் விட்டன. அவற்றைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள், குதிரை மூத்திரத்தின் அம்மோனியா வேலை செய்திருந்தது. மாட்டுக்கொட்டகைப் பரணில் பித்தளைக் குழாயைப் போட்டு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே இறக்கிவிடுங்கள்.

மிஞ்சியது பழுது மட்டும் பார்ப்பது. என் ஓட்டு இதற்கு, பச்சைக் குழாயைப் பொறுத்தவரை. அதில் மூன்று குறைகள்: கழுத்தில் ஓர் ஒடுக்கு, ஓர் இதழ் இணைப்பு ஒரு சாண் நீளத்துக்கு விட்டிருந்தது, வாயோரத் துரு. குறையைக் கண்டுபிடிக்க எளிய வழி, குழாயின் சிறிய முனையில் வாய் வைத்துத் தாழ்ந்த சுருதியில் 'ம்' என்று இழுப்பது. விட்ட இணைப்பு வண்டு போல ரீங்கரிக்கும். ஒடுக்கெடுக்கக் காரைக்குடியிலிருந்து ஒரு பாத்திரக்காரரை வரவழைத்தோம். அவர் சுத்தியலைப் பையிலிருந்து எடுத்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பூ வரைந்த பக்கத்தில் சுத்தியல் படக்கூடாது என்று சொன்னேன். "எனக்குத் தெரியாதா ஐயா" என்று சொல்லிவிட்டு அதைத் திரும்பப் பையில் வைத்தார். புளியமரக் கட்டையில் முட்டை வடிவ முனை செதுக்கி, அதற்கு ஆட்டுத்தோல் சுற்றி, உள்ளே விட்டு, அடிக்காமல் அழுத்தி அழுத்தியே தேய்த்தார். ஒரு மணி நேரம். ஒடுக்கு முக்கால்வாசி போயிற்று. மீதியையும் எடுக்கவா என்றார். சாயத்தில் மயிரிழை போலக் கீறல் தோன்றத் தொடங்கியிருந்தது. போதும் என்றேன்.

விட்ட இணைப்பில் பற்றாசு வைத்தால் சூட்டில் சாயம் பொங்கும். அங்கே பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்துத் தடவி, நூல்கட்டுப் போட்டுக் காயவைத்தேன். அருங்காட்சியகங்களில் புழங்கும் பொருள். நான் செய்தது தவறு என்று நாளை ஒருவர் நினைத்தால் அசிட்டோனில் கரைத்து எடுத்துவிடலாம், அடியிலிருக்கும் சாயம் பொறுக்குமா என்று மறைவான இடத்தில் முதலில் பார்த்துக்கொண்டு. எபாக்சி பசை போட்டால் அந்தத் திருத்தம் ஆயுளுக்கும் போகாது. துருவில் உதிர்வதை மட்டும் உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு மெல்லிய மெழுகு பூசினேன். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது சில மாதங்களில் காறி, பிசுபிசுத்து, ஊர்த் தூசியை எல்லாம் வரவேற்கும். பெட்டியின் சுருள்வில்லுக்கும் எவரோ அதையே விட்டிருந்தார்கள். அதைக் கழுவி எடுத்த கதையை எழுதினால் இந்தக் கட்டுரை இரண்டு மடங்காகும்.

நான்காவது வழி மாற்றுக் குழாய். பெட்டியை ஓட்ட வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் அசல் குழாயைத் தாங்கியில் திருகிச் செருக வேண்டும். தேய்ந்த வளையம் இன்னும் தேயும். குழந்தைகள் உள்ளே தலையை விடுவார்கள். அதற்கு நகல் ஒன்று வாங்குங்கள் என்று மற்ற வீடுகளுக்குச் சொல்வேன். இந்த வீட்டில் வாங்கவே வேண்டியதில்லை. கல்யாண அலங்காரம் தயாராக இருக்கிறது. நான் உள்ளூர மகிழ்ந்தது இதற்குத்தான். முழங்கை தாங்கியைவிடச் சற்று ஒல்லி. ஒரு சுற்றுத் தோல் பட்டை வைத்ததும் பிடித்துக்கொண்டது.

ஒலியில் இரண்டும் ஒன்றல்ல. இந்த ஊருக்குத் தட்டு புதிதல்ல, ஏ.வி. மெய்யப்பன் சினிமாவுக்குப் போகும் முன் காரைக்குடியில் தந்தையின் ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில் இசைத்தட்டுகளும் விற்றார், பிறகு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் தட்டுகளை வெளியிட்டார். அப்படியொரு ஓடியன் தட்டு பெட்டிக்குள் கிடந்தது. புது எஃகு ஊசி போட்டு, சாவி கொடுத்து, பித்தளையில் வைத்தோம். சத்தம் முகப்புவரை கேட்டது, ஆனால் மேல் சுரம் வரும்போதெல்லாம் பித்தளையும் கூடச் சேர்ந்து பாடியது. ஆர்மோனியக்காரர் எவர்சில்வர் கடைக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல. ஊசியை மாற்றிவிட்டு, ஒரே ஒரு பக்கத்துக்குப் பச்சைக் குழாயை மாட்டினேன். சத்தம் குறைந்தது, சொல் தெளிந்தது. தாழ்சுரம் இரண்டிலும் இல்லை. 1925-க்குப் பிறகு மின்சார ஒலிப்பதிவு வந்து தட்டில் ஏறிய தாழ்சுரங்களை வெளியே கொண்டுவர இவற்றைவிட நீண்டு மெல்ல விரியும் குழாய்கள் வேண்டும்.

மைத்துனர் விற்கும் பேச்சை அடுத்த படைப்புக்குத் தள்ளிவைத்தார். சித்தப்பா மகனுக்கு மெருகேற்றப் பித்தளையைக் கொடுத்துவிட்டோம்; அதில் அவர் இஷ்டம், அம்மோனியா மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பச்சைக் குழாயில் என்ன செய்தேன், எதைக் கொண்டு செய்தேன், எந்த இதழில் என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் இழுப்பறையில் வைத்தேன். குழாயைப் பழைய பருத்திச் சேலையில் சுற்றி, வாய் கீழே பார்க்க, பெட்டகசாலையில் நிறுத்தியாயிற்று. மாமியார் வந்து பார்த்துவிட்டு, சிறிய முனையில் ஒரு மல் துணியை மடித்து வைத்து நூலால் கட்டினார். குளவி பங்குனியில் கூடு கட்டத் தொடங்கிவிடுமாம்.